தனித்தீவும் அமுதசுரபியும்

(இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கடலுக்கு எட்டாத மேட்டு நிலம் ஒசூர். இங்கே தீவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அவையோர் வியக்கலாம். 1970களில் சிப்காட் தொழில் வளாகம் எழுந்த பின்னர், தென் மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்தோர் பலர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. அத்தெருவின் ஒற்றை அறையில், இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் உறங்கும் இளைஞனுக்கோ அண்டை வீட்டாரின் பெயரும் தெரியாது. கடல் சூழாவிடினும் அதுவும் தீவே. ஆதலின் தனித்தீவு வாழ்வு இவ்வூருக்குப் புறம்பான பொருளன்று.

இலங்கையின் தென்கரையில், மாத்தறை மாவட்டத்து வெலிகம விரிகுடாவில் ஒரு சிறு தீவு உண்டு. பரப்பு ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். கரையிலிருந்து கடல்நீரில் நடந்தே சென்றடையலாம். 1920களில் மொரிஸ் தல்வாந்த் என்ற பிரெஞ்சுக்காரர் அதனை வாங்கி, எண்கோண மண்டபத்தை நடுவில் கொண்ட மாளிகை எழுப்பி, பாறை நிலத்தைப் பூங்காவாக்கினார். கிரேக்கர் இலங்கைக்கு இட்ட ‘தப்ரபேன்’ என்னும் பெயரையே தம் தீவுக்குச் சூட்டினார். தம் பெயருக்கு முன்னர் ‘பிரபு’ என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். அப்பட்டம் பரம்பரையாக வந்ததன்று, தாமே புனைந்துகொண்டது என்பது வரலாற்றை ஆய்ந்தோர் கருத்து. எனினும் அவர் 1941இல் இறந்தது அத்தீவில் அன்று, யாழ்ப்பாணப் பகுதியில்.

1952இல் அமெரிக்க எழுத்தாளர் பால் பௌல்ஸ் அத்தீவை விலைக்கு வாங்கினார். அங்கே மின்விளக்கு இல்லை. மரங்களிலோ பழந்தின்னி வௌவால்கள் மொய்த்துக் கிடந்தன. உடன் வந்து தங்கிய அவர் மனைவி ஜேன், அவரும் எழுத்தாளரே, அவ்வாழ்வைப் பொறுக்கமாட்டாமல் சில வாரங்களில் நீங்கினார். பௌல்ஸோ அங்கிருந்தபடியே ஒரு நாவலை எழுதி முடித்தார். 1955இல் வெளிவந்த ‘ஸ்பைடர்ஸ் ஹவுஸ்’ என்னும் அந்நாவலின் களம் தீவன்று. விடுதலைக் கொந்தளிப்பில் இருந்த மொராக்கோவின் பெஸ் நகரம். சந்தும் சந்தையும் நெருக்கியடித்த மக்கள் கூட்டமுமே அதன் உலகம். கூட்டத்தை விட்டு விலகி வந்தவர் கூட்டத்தைப் பற்றியே எழுதினார் என்பது நினையத்தக்கது. சில ஆண்டுகளில் அவரும் தீவை விற்றுவிட்டார். பிற்காலத்தில் அது செல்வர்க்கு வாடகைக்கு விடும் மாளிகையாயிற்று.

பணங்கொடுத்துப் பெற்ற இத்தனிமை முழுத் தனிமையுமன்று. சமைக்கவும் தோட்டம் பேணவும் பணியாட்கள் வேண்டும். அரிசியும் விளக்கெண்ணெயும் கரையிலிருந்தே வரவேண்டும். ஒருவர் தனித்திருக்கப் பலர் சுமக்கின்றனர்.

இனித் தமிழ்க் காப்பியம் காட்டும் தீவுக்கு வருவோம். மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் பிறந்த அன்றே கைவிடப்பட்டவன். ஓர் ஆவின் பாலால் பிழைத்தவன். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைச் சிந்தாதேவியிடம் பெற்றுப் பசித்தோர்க்கெல்லாம் ஊட்டினான். பின்னர் மழை பெய்து பாண்டிநாடு செழித்தது. உண்பாரைக் காணாமல் அவன் வருந்தினான். சாவக நாடு மழையின்றி வாடுகிறது எனக் கேட்டுக் கப்பலேறினான். காற்று மிகுந்தமையால் கப்பல் மணிபல்லவத்தில் தங்கியது. அவன் இறங்கியிருந்தான். ஏறிவிட்டான் என எண்ணிய மாலுமிகள் இரவில் பாய்விரித்துச் சென்றுவிட்டனர். ஆபுத்திரன் ஆளில்லாத் தீவில் தனித்து நின்றான்.

கையில் வற்றாத கலம் உண்டு. விரும்பினால் ஆயுள் முழுதும் அங்கே பசியின்றி இருந்திருக்கலாம். ஆனால் பல்லுயிர் ஓம்பும் பாத்திரத்தைக் கொண்டு தன் வயிற்றை மட்டும் நிரப்புவதற்கு அவன் உள்ளம் ஒப்பவில்லை. ஆண்டுக்கொருமுறை வெளிப்பட்டு, அறமுடையோர் கையிற் சேர்க என்று கூறிக் கோமுகிப் பொய்கையில் கலத்தை இட்டான், உண்ணாதிருந்து உயிர்நீத்தான். பின்னாளில் அதே தீவுக்கு வந்த மணிமேகலை அக்கலத்தைப் பெற்றாள். பெற்றவள் அங்கேயே தங்கவில்லை; புகாருக்குத் திரும்பி ஊர் அம்பலத்திலும் சிறைக்கோட்டத்திலும் பசி தீர்த்தாள்.

தப்ரபேனில் தீவு ஓர் உடைமை. மணிபல்லவத்தில் அது ஒரு சோதனை. கொடுத்து உண்ண ஒருவரும் இல்லாத இடத்தில் குறையாத செல்வமும் பயனற்றது என்பது சாத்தனார் காட்டும் முடிவு. தனிமையை அவர் பழிக்கவில்லை. மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்ந்ததும் கலத்தைப் பெற்றதும் அத்தனிமையில்தான். பழுது தனிமையில் இல்லை. திரும்பி வாராமையில் உள்ளது.

ஒசூரின் ஒற்றை அறையில் இருப்போர் தனிமையை விலைகொடுத்து வாங்கியவரல்லர்; பிழைப்பு அவரை அங்கே இறக்கிவிட்டுச் சென்றது. எனினும் அவ்வறைகளிலும் நூல்கள் படிக்கப்படுகின்றன, கவிதைகள் எழுதப்படுகின்றன. படித்ததும் எழுதியதும் அறைக்குள்ளேயே கிடந்தால் அது பொய்கையில் இட்ட கலம். மாதந்தோறும் பத்துப்பேர் கூடும் ஓரிடத்திற்கு அதனைக் கொணர்ந்தால் பலர் பசி தீரும். பத்தாண்டுகளாக இவ்வட்டம் ஆற்றிவரும் பணி அதுவே. இன்னும் இங்கே வாராதவர் அறைக்கதவைத் தட்டி அழைத்து வருதல், வரும் ஆண்டுகளின் பணியாகட்டும்.