ஆட்டுக்கும் நியாயம், புலிக்கும் நியாயம்

(சூளகிரியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிற்சாலை அனுபவம் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்த்தவர்கள் இந்த அரங்கில் பாதிப் பேர் இருப்பீர்கள். அதை நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? ஆகவே ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன். அதில் ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது.

விடுதியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு போர் விளையாட்டு செய்தோம். அட்டையில் வரைந்த கிருஷ்ணகிரி மலை. காலம் 1791 நவம்பர், மூன்றாம் மைசூர்ப் போர். மாக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை கீழே பேட்டையைப் பிடித்துவிட்டது. மேல்கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டே தடுத்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாரமகால் கம்பெனி கைக்குப் போனது.

ஆளுக்கு 100 புள்ளி. அதற்குள் எந்த வீரரை எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கோட்டைப் படைக்கு விதி எழுதியவன் நான். திப்புவின் வாணக்காரருக்கு 3 புள்ளி என்று விலை வைத்தேன், உச்சவரம்பு வைக்கவில்லை. சுதந்திரம் வேண்டும் என்று பெரிய பேச்சு வேறு! பிறகு நானே 33 வாணக்காரர்களை எடுத்து வரிசையாக நிறுத்தினேன். பதினோரு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தேன். கம்பெனிப் படை வைத்திருந்த நண்பன் ஒருநாள், "நீ எழுதின விதி, நீயே ஜெயிக்கிற. இதுல நான் எதுக்குடா?" என்று சொல்லி எழுந்து போய்விட்டான். அட்டை கட்டிலுக்கு அடியில் போனது. எங்கள் பேச்சும் குறைந்தது.

பல வருஷம் கழித்து, ஒரு கிராமத்துக் கோயில் மண்டபத்தில் இரண்டு பெரியவர்கள் ஆடுபுலி ஆட்டம் ஆடுவதைப் பார்த்தேன். நம் எல்லைப் பகுதியில் இதற்குப் பெயருக்கா பஞ்சம்? தமிழில் ஆடுபுலி, தெலுங்கில் புலி ஜூதம், கன்னடத்தில் ஆடு ஹுலி ஆட்டா. ஒருவர் தெலுங்கில் திட்டுகிறார், மற்றவர் தமிழில் பதில் சொல்கிறார். ஆட்டம் முடிந்ததும் காய்களை மாற்றிக்கொண்டார்கள். புலி வைத்தவர் ஆடு, ஆடு வைத்தவர் புலி. எனக்குச் சுருக்கென்றது. நான் ஒரு தடவைகூட மாற்றி உட்காரவில்லையே!

அந்த ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். எல்லா ஆடும் இறங்கி, ஒன்றும் வெட்டுப்படாவிட்டால் காலி இடம் ஐந்துதான். இரண்டு ஆடு கூட்டினால் மூன்று இடம். புலி மூச்சுத் திணறிப்போகும். மூன்று ஆடு குறைத்தால் எட்டு இடம். புலி இஷ்டத்துக்குத் தாண்டும். புலி தாண்டி வெட்டலாம். ஆடு வெட்டவே முடியாது, கூடி மறிக்கத்தான் முடியும். பலம் வேறு, ஜெயிக்கும் வழியும் வேறு. ஆனாலும் இரண்டு பேருக்கும் நம்பிக்கை இருக்கிறது. நேபாளத்தின் பாக்சாலில் 4 புலி, 20 ஆடு. இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் அது சமனில்தான் முடியும் என்று லிம் யூ ஜின், நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினி வைத்து நிரூபித்திருக்கிறார்கள்.

மேசைப் போர் விளையாட்டு மேல்நாட்டிலும் பழசுதான். 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் பகடையோடு விதி வெளியிட்டார். 1913இல் எச்.ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். படைக்குப் புள்ளி விலை வைப்பது இன்று அங்கே சகஜம்.

போன மாதம் நம் மாணவர்கள் சிலர் அந்தப் பழைய அட்டையைப் பார்த்துவிட்டு, "விதியைத் திருத்திக் கொடுங்க அண்ணா" என்றார்கள். திருத்தினேன்.

ஒன்று: வாணக்காரரைத் தடை செய்யவில்லை. முதல் நால்வருக்குத் தலா 3 புள்ளி, ஐந்தாமவரிலிருந்து தலா 6. ஆசை இருந்தால் எடுக்கலாம். விலை கொடுத்து எடுக்கணும். வாணம் குறி தவறுவதும் உண்டு. எங்கே விழுகிறது என்பதைப் பகடை சொல்லும்.

இரண்டு: கம்பெனிப் படை 12 சுற்றுக்குள் மேல்கோட்டையை எட்டினால் வெற்றி. கோட்டைப் படை அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். எதிரியை அழிக்க வேண்டியதில்லை.

மூன்று: பக்கம் மாற்றி ஆடி, நோட்டில் எழுதுங்கள். யார் உட்கார்ந்தாலும் கோட்டையே ஜெயித்தால் விதியில் கோளாறு. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரே ஆள் ஜெயித்தால் அது அவர் திறமை. திருத்துவதானால் ஒரு தடவைக்கு ஒரே விதியை மாற்றுங்கள். இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது.

தம்பி தங்கையரே, நாளைக்கு நீங்கள் ஷிப்டு பட்டியல் போடுவீர்கள், லீவு விதி எழுதுவீர்கள். எழுதும் முன் எதிர்ப் பக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள்.

அந்த நண்பன் இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், தப்பு என்னுடையதுதான். சாப்பாட்டுக்கு அப்புறம் அட்டையை விரிக்கிறேன். இந்தத் தடவை கோட்டை உனக்கு, மலையேறுவது நான்.