தோல்வி வளர்த்த ஆசான்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வென்றவனைத் தோளிற் சுமப்பதும் தோற்றவனைத் திரும்பியும் பாராதிருப்பதும் உலக வழக்கம். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் இவ்வழக்கத்தை நம் வீடுகளிலேயே காண்கின்றோம். ஆதலால், தோல்வியைத் தம் ஆசானாக்கிக்கொண்ட ஒரு மல்யுத்த வீரரைப் பற்றி இன்று பேச விழைகின்றோம்.

அவர் பெயர் டான் கேபிள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வாட்டர்லூ நகரில், 1948ஆம் ஆண்டு பிறந்தவர். பாடசாலைக் காலத்தில் 64 போட்டிகளிற் பங்குபற்றி, அத்தனையிலும் வென்றார். அக்காலத்திலேதான், 1964இல், அவருடைய தமக்கையார் சொந்த வீட்டிலேயே கொலையுண்டார். அப்பெருந்துயரின் நடுவிலும் அவர் பயிற்சியைக் கைவிட்டாரில்லை.

பின்னர் அயோவா ஸ்டேட் சர்வகலாசாலையிற் சேர்ந்து, 1968இலும் 1969இலும் தேசியக் கல்லூரிச் சம்பியனானார். பாடசாலையிலும் கல்லூரியிலுமாக 180க்கு மேற்பட்ட போட்டிகளைத் தொடர்ச்சியாக வென்ற நிலையில், 1970ஆம் ஆண்டு இறுதிப் போட்டிக்கு வந்தார். அதுவே அவருடைய கடைசிக் கல்லூரிப் போட்டி. எதிரே நின்றவர் வாஷிங்டன் சர்வகலாசாலையின் லாரி ஓவிங்ஸ். கேபிளை எதிர்க்கவேண்டும் என்பதற்காகவே தம் உடல் எடையைக் குறைத்துக்கொண்டு வந்தவர் அவர். 13க்கு 11 என்ற புள்ளிக் கணக்கில் கேபிள் தோற்றார்!

அன்பர்களே, அத்துடன் அவர் ஒதுங்கியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்? ஆனால் அவரோ முன்னிலும் கடுமையாக உழைத்தார். 1971இல் உலகச் சம்பியனானார். 1972இல் ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் அதே ஓவிங்ஸை வென்றார். அவ்வாண்டு மியூனிச் நகரில், முழங்காலில் காயத்தோடு போராடியும், எதிரிகளுக்கு ஒரு புள்ளிதானும் கொடாது தங்கப் பதக்கம் பெற்றார்.

அதன்பின் அவர் ஏற்றது ஆசிரியப் பணி. 1976 முதல் 1997 வரை, அயோவா சர்வகலாசாலையின் தலைமைப் பயிற்சியாளராய் இருந்து, அதன் அணிக்கு 15 தேசியப் பட்டங்களைப் பெற்றுக்கொடுத்தார். அவற்றுள் 9 பட்டங்கள் 1978 முதல் 1986 வரை தொடர்ந்து கிடைத்தவை. பத்தாவதைப் பெற முயன்ற 1987இல் அவ்வணியைப் பின்தள்ளியது யார் தெரியுமா? அவர் படித்த அதே அயோவா ஸ்டேட் சர்வகலாசாலைதான்! மீண்டும் தோல்வி, மீண்டும் பயிற்சி. 1991இல் பட்டம் திரும்பி வந்தது.

வெற்றியை மட்டும் அறிந்தவன் மாணவனுக்குத் தன் பதக்கத்தைக் காட்டலாம். விழுந்து எழுந்தவனோ எழும் வழியையே காட்டுவான். இதுவே நாம் கண்ட உண்மை.

பெரியோர்களே, இம்முறை பரீட்சையிலோ களத்திலோ தவறி வரும் பிள்ளைக்கு ஓர் ஆறுதல் மொழி கூறுங்கள். இளைஞர்களே, மறுநாட் காலையே புத்தகத்தைத் திறவுங்கள், களத்திற்கு இறங்குங்கள்.