பாட்டும் நடையும் பாசஞ்சர் வண்டியும்

(சங்கத்தின் கூடுகை விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்திருப்பது பதினைந்து நிமிடம். ஒரு நிமிடம் கூடினாலும் மணி அடித்துவிடுவேன் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ரயிலைப் பற்றிப் பேச வந்தவனுக்கு மணிச் சத்தம் புதிதில்லை. அவர் தாராளமாக அடிக்கலாம்.

ரயிலைப் பற்றி என்றதும் "கூடுதல் வண்டி வேண்டும்" என்ற வழக்கமான மனுவோ என்று சிலர் நினைக்கலாம். மனு இல்லை. இருக்கிற சின்ன வண்டிகளையும் சின்ன ஸ்டேஷன்களையும் நாம் எப்படி வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பதுதான் என் பேச்சு. அதற்குப் பாட்டு ஒரு வழி, நடை ஒரு வழி.

முதலில் நம் பாதையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இங்கே தண்டவாளமே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை 87 கிலோமீட்டர் பாதை 1979இல் திறக்கப்பட்டது. நாகர்கோவில் - திருநெல்வேலி பாதை 1981இல் வந்தது. அதற்கு முன் படித்த அண்ணாச்சிமார் எல்லாரும் பஸ் படிக்கட்டில் தொங்கியே பட்டம் வாங்கியவர்கள். பின்னால் வந்தவர்களுக்குக் குழித்துறையிலும் இரணியலிலும் சீசன் டிக்கெட் எடுக்கும் பாக்கியம் கிடைத்தது. அந்த வண்டிகளில் பெஞ்சுப் பலகையைத் தவிலாக்கி, டிபன் பாக்ஸ் மூடியைத் தாளமாக்கிப் பாடியவர்கள் இந்த அரங்கிலேயே சிலர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தப் பாதையில் நாகர்கோவில், குழித்துறை, கன்னியாகுமரி போன்ற பெரிய ஸ்டேஷன்களுக்கு இடையே சின்ன ஸ்டேஷன்களும் உண்டு. மேற்கே வீராணியாளூர், பள்ளியாடி, கிழக்கே தோவாளை, தெற்கே சுசீந்திரம், அகஸ்தீஸ்வரம். எக்ஸ்பிரஸ் வண்டிக்கு இவை கண்ணில் படாத ஊர்கள். பாசஞ்சர் வண்டி ஒன்றுதான் இவற்றுக்குத் துணை. 2020 மார்ச்சில் கொரோனாவால் நாடெங்கும் பாசஞ்சர் வண்டிகள் நின்றன. திரும்ப ஓடத் தொடங்கியபோது பலவும் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் வந்தன. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. நாட்டின் பல சிறு நிலையங்கள் நிறுத்தத்தை இழந்தன. பழைய கட்டணம் திரும்பி வர 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நிறுத்தத்தை எடுக்கும்போது சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "அங்கே ஆள் ஏறுவதில்லை, இறங்குவதில்லை." இந்தக் காரணத்துக்குப் பதில் சொல்ல மனு போதாது. ஆள்தான் இறங்க வேண்டும்.

ஆள் ஏன் இறங்க வேண்டும்? "அங்க எறங்கி என்ன செய்ய?" என்று கேட்பது நியாயம். இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு வட்டாரத்து மக்கள் கண்ட பதிலைச் சொல்கிறேன்.

1963இல் பிரிட்டனில் பீச்சிங் அறிக்கை என்று ஒன்று வந்தது. இலாபமில்லாத கிளைப் பாதைகளையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களையும் மூடலாம் என்றது. ஏராளமாக மூடவும் செய்தார்கள். யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே பெனிஸ்டோன் வழியாகப் போகும் பாதை தப்பிப் பிழைத்தது. ஆனாலும் பின்னால் பல தடவை அதன் தலைமேல் கத்தி தொங்கியது. 1993இல் அந்தப் பாதையோரத்து மக்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தார்கள். அவர்கள் செய்தது எளிய காரியம். சாதாரண மாலை வண்டியில் ஒரு இசைக் குழுவை ஏற்றினார்கள். ஜாஸ், நாட்டுப்பாடல் எல்லாம் ஓடும் வண்டியிலேயே. தனி டிக்கெட் கிடையாது. வழக்கமான ரயில் டிக்கெட் போதும். இன்னொரு பக்கம், சின்ன ஸ்டேஷன் ஒன்றில் இறங்கி, ஊர் தெரிந்த ஒருவர் முன்னால் போக, வயலும் குன்றுமாக நடந்து, வேறொரு ஸ்டேஷனில் ஏறித் திரும்பும் நடைப்பயணங்களை நடத்தினார்கள். மான்செஸ்டர் - ஷெஃபீல்டு இடையே ஹோப் பள்ளத்தாக்குப் பாதையிலும் இதே மாதிரி நாட்டுப்பாடல் வண்டிகள் ஓடின. பாடகர்கள் வண்டியில் பாடி, மலையடிவாரத்து ஊரில் இறங்கி அங்கேயும் பாடி, திரும்பும் வண்டியில் பாடிக்கொண்டே வருவார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் புது வண்டி ஏதும் கேட்கவில்லை என்பது. ஓடுகிற வண்டியில் ஏறுவதற்கும், யாரும் இறங்காத ஸ்டேஷனில் இறங்குவதற்கும் ஒரு காரணத்தை உண்டாக்கினார்கள்.

"அது வெள்ளைக்காரன் ஊர், நமக்குச் சரிப்படுமா?" என்பீர்கள். ரயிலில் பாடுவது நமக்குப் புதிது அல்லவே! மும்பை மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் ஒரே பெட்டியில் கூடி, தாளம் தட்டிப் பஜனை பாடுவது பல தலைமுறை வழக்கம். சென்னையில் கல்லூரிப் பிள்ளைகள் பெட்டியில் தட்டித் தட்டிக் கானா பாடுவதும், பார்வையற்ற கலைஞர்கள் பாடிக்கொண்டே பெட்டி பெட்டியாகப் போவதும் நாம் பார்த்ததுதான். இவற்றில் மனக்குறையும் உண்டு. எல்லாருக்கும் பாட்டுக் கேட்கும் மனநிலை இருக்காது. பஜனைச் சத்தம் தொல்லை என்று சொல்பவர்களும் உண்டு. பாடிப் பிழைப்பவருக்கோ மரியாதை கிடைப்பதில்லை. பாடுபவருக்கு மரியாதையும் கேட்க விரும்பாதவருக்கு அமைதியும் இரண்டும் வேண்டும் என்பதை மனதில் வைத்துத்தான் நம் திட்டத்தைப் போட வேண்டும்.

நம்மிடம் என்ன பாட்டு இருக்கிறது? நாஞ்சில் நாட்டில் இதைக் கேட்கவே வேண்டாம். வில்லுப்பாட்டு! கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் (1908-1957) நம் ஒழுகினசேரிக்காரர். ஊர்க் கொடைகளில் கேட்ட அந்தக் கலையைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோனவர் அவர். அவரோடு சேர்ந்து வளர்ந்த சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022இல் மறைந்தார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நம் கோயில் கொடைகளில் இரவெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதிய ஆங்கில நூல் 1988இல் வெளிவந்தது. வெளிநாட்டார் கடல் கடந்து வந்து கேட்ட பாட்டை, நம் பிள்ளைகள் இப்போது ஒரு கொடைக்குப் போனால்தான் கேட்க முடிகிறது. கலைஞர்களுக்கும் கொடை நடக்கும் மாதங்களில்தான் கைநிறைய வேலை. மற்ற மாதங்களில் வேறு கூலிக்குப் போகிறவர்கள் பலர்.

ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, வில். ஆள் உயரத்தைவிட நீளமான வில்லை, மணிகளைக் கட்டிப் பெட்டி நடுவில் கிடத்தினால் டிக்கெட் பரிசோதகர்கூடத் தாண்டிப் போக முடியாது. ஆகவே வண்டிக்குள் உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் போதும். வில்லும் குடமும் லக்கேஜாக வரட்டும். இறங்குகிற ஊரில், ஒரு ஆலமரத்து மூட்டில் கட்டி முழுப்பாட்டும் நடக்கட்டும். இரண்டாவது சங்கடம் பெரிது. சுடலைமாடன் கதையும் முத்தாரம்மன் கதையும் பொழுதுபோக்குக்குப் பாடுவதில்லை. பாட்டின் உச்சத்தில் சாமி வந்து ஆடும். அதன் இடம் கோயில். அதை ஓடும் வண்டியில் பாடச் சொல்வது கலைஞருக்கும் மரியாதையில்லை, தெய்வத்துக்கும் மரியாதையில்லை. வரலாற்றுக் கதைகள் இருக்கின்றன, கலைவாணர் காட்டிய வழியில் சிரிப்பும் சிந்தனையுமான சமூகக் கதைகள் இருக்கின்றன. எதைப் பாடலாம் என்பதை அந்தப் புலவர்களிடமே விட்டுவிடுவோம்.

இனி நடை. நான் மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி கிழக்கே, தோவாளையும் ஆரல்வாய்மொழியும். தோவாளைப் பூச்சந்தை வெளிச்சம் வருமுன்பே கூடிவிடும். பிச்சியும் அரளியும் இங்கிருந்து கேரளத்துக்குப் போகின்றன. ஓணக் காலத்தில் கால் வைக்க இடமிருக்காது. பூவை மடித்து மடித்துப் பாய் போலக் கட்டும் தோவாளை மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து மலையோரமாக நடந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய். மதுரைப் படை நாஞ்சில் நாட்டுக்குள் வந்த வழி அது. அந்தப் படையோடு மோதிக் கணியாகுளத்தில் விழுந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையை நம் பாட்டுக்காரர்கள் பாடி வந்திருக்கிறார்கள். 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது கம்பெனிப் படை உடைத்துக்கொண்டு நுழைந்ததும் இந்தக் கோட்டைவழிதான். போர் நடந்த மண்ணில் நின்று போர்ப்பாட்டைக் கேட்பதற்கு ஈடு உண்டா? ஆனால் ஆடி மாசம் வேண்டாம். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று பாடகரின் குரலையும் கொண்டுபோய்விடும்.

இரண்டாவது வழி தெற்கே, சுசீந்திரமும் தேரூரும். தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த இசைத் தூண்களைப் பார்த்துவிட்டு (தட்டிப் பார்க்க வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்), பழையாற்றுப் பக்கமாக நடந்து தேரூர் குளக்கரை. சுசீந்திரம் - தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. மார்கழி, தை மாதங்களில் வலசை வரும் பறவைகள் இங்கே இறங்கும். தேரூர், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர். குளக்கரையில் அவர் பாடல்களைச் சின்னப் பிள்ளைகள் பாடட்டுமே!

மூன்றாவது மேற்கே. இரணியலில் இறங்கித் தக்கலைக்குப் பஸ். பின் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னால் திருவிதாங்கூர்ப் படையையே பழக்கிய டிலனாயின் கல்லறை. அங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனை. வரலாற்றுத் துறையில் படித்தவர்கள் யாராவது முன்னால் நடந்தால், பின்னால் வருபவர்களுக்கு அது ஒரு பருவத்துப் பாடம்.

இது நடக்கிய காரியமா என்று கேட்பவர்களுக்கு ஐந்து செய்திகள் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, அனுமதி. நம் பாதைகள் தென்னக ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கின்றன. எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் ஒரு உடுக்குக்கூட உள்ளே போகக் கூடாது. கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு உண்டு. அதன் வழியாகவும் போகலாம்.

இரண்டு, பணம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் வண்டியில் பிச்சையையும் அனுமதியில்லாத விற்பனையையும் தடுக்கிறது. பெட்டிக்குள் தட்டு ஏந்தக் கூடாது. கலைஞர்களுக்கு ஒரு கொடைக்குத் தரும் மதிப்பான சம்பளத்தைச் சங்கம் முன்கூட்டியே தர வேண்டும். "நம்ம ஊர்ப் பிள்ளைகதானே, சும்மா பாடுவாங்க" என்று யாரும் சொல்லக் கூடாது.

மூன்று, ஒரே ஒரு பெட்டி. கடைசிப் பெட்டியில் மட்டும் பாட்டு, ஒலிபெருக்கி கிடையாது. முன்பெட்டிகளில் வேலை முடிந்து களைத்து வருபவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

நான்கு, எல்லாரும் டிக்கெட் எடுக்க வேண்டும், அதுவும் இறங்கும் அந்தச் சின்ன ஸ்டேஷன் பெயரிலேயே எடுக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்குதான் சாட்சி. வண்டி எங்கே நிற்கிறது, திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும். நிறுத்தம் இல்லாத ஊருக்குப் பஸ்ஸில் போய் நடந்துவிட்டு, நிறுத்தம் கேட்டு அங்கிருந்தே கையெழுத்திடுவோம்.

ஐந்து, குப்பை. பூச்சந்தையும் குளமும் நாம் போவதற்கு முன் எப்படி இருந்ததோ, வந்த பின்னும் அப்படியே இருக்க வேண்டும்.

முப்பது பேர் போதும். அதில் பத்துப் பேர் இப்போது படிக்கும் மாணவ மாணவியராக இருக்கட்டும். தாவரவியல் படித்தவர் செடியைச் சொல்லட்டும், தமிழ் படித்தவர் பாட்டைச் சொல்லட்டும், கணக்குப் படித்தவர் டிக்கெட்டை எண்ணட்டும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு வருடம் நடத்திப் பார்ப்போம். வருட முடிவில் தோவாளையில் எத்தனை பேர் இறங்கினோம், எத்தனை பாட்டுக்காரர்களுக்குக் கைநிறையக் கொடுத்தோம் என்ற கணக்கை அடுத்த கூடுகையில் வையுங்கள். தேறவில்லை என்றால் நிறுத்திவிடலாம். தேறினால், நிறுத்தத்தை எடுக்க நினைப்பவர்களிடம் காட்ட நம் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

இதைச் செயற்குழு தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நடைக்கு வர விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் பெயரை எழுதுங்கள். சாப்பிட்டபின் எழுதலாம் என்று இருக்க வேண்டாம். அவியலும் எரிசேரியும் உண்டபின் நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுக்க யாருக்கும் மனசு வராது.

செயலாளர் மணியில் கை வைத்துவிட்டார்.