சாயமும் சூரியனும்

பச்சிலை ஒன்றைக் கையில் எடுத்து நோக்குங்கள். அதிலுள்ள பச்சையம் ஞாயிற்றின் ஒளியைப் பற்றுகிறது. பற்றிய ஆற்றலை வேறு பொருள்களிடம் ஒப்படைத்து விடுகிறது. பற்றுவது ஒருவர் வேலை. கொண்டு செல்வது மற்றொருவர் வேலை. இவ்வேலைப் பிரிவினையை மனிதனும் கையாண்டு மின்சாரம் பெற்ற வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனால் சூரிய மின்கலம் செய்து காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் நூற்றுக்கு 6 பங்கை அது மின்சாரமாக்கியது. ஆயினும் சிலிக்கனை மிகத் தூயதாக்க வேண்டும். அதற்குப் பெரும் வெப்பம் வேண்டும். ஆகவே, மலிவான பொருளொன்று கிடைக்காதா என்று விஞ்ஞானிகள் தேடினர்.

சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணத்தில் டைட்டானியம் டையாக்ஸைடு என்ற தூள் இருக்கிறது. மலிவானது, கெடாதது. ஆனால் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை அது உட்கொள்வதில்லை. வெண்மையாய்த் தோன்றுவதே அதற்குச் சான்று. அப்படியானால் அதன்மேல் சாயம் ஏற்றலாமே என்பீர்கள். அங்கேதான் ஒரு சிக்கல். தூளை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் சாயத்தின் மூலக்கூறுகளே எலெக்ட்ரானை அதனிடம் நன்கு சேர்க்கவல்லன. தட்டையான பரப்பில் ஓர் அடுக்குச் சாயமோ மிகச் சிறிதளவு ஒளியையே பற்றும். கனமாகப் பூசினால், மேலடுக்குச் சாயம் பயனற்றுப் போகும்.

இச்சிக்கலை அவிழ்த்தது எளிய கணக்கு ஒன்றே. நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால், மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. 10 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால், பரப்பு 600 சதுர மீட்டராகப் பெருகிவிடும்! பொருள் கூடவில்லை, இடம் மட்டுமே கூடியது.

1991ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிரையன் ஓரீகன், மைக்கேல் கிராட்ஸெல் என்னும் இருவர் இம்முறையைக் கையாண்டனர். நானோத் துகள்களாலான மெல்லிய படலத்தில் ருத்தேனியம் சேர்ந்த சாயத்தை ஏற்றினர். சாயம் ஒளியைப் பற்றி எலெக்ட்ரானைத் துகளுக்கு ஈகிறது. அது கம்பி வழியே சென்று வேலை செய்து திரும்புகிறது. இழந்த எலெக்ட்ரானை அயோடின் கலந்த திரவம் சாயத்துக்கு மீட்டுத் தருகிறது. ஒளியில் நூற்றுக்கு 7 பங்குக்குச் சற்று மேல் மின்சாரமாயிற்று.

இதிலும் குறை உண்டு. திரவம் கசியலாம், ஆவியாகலாம். 2009ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி மியாசாகாவின் குழுவினர் சாயத்துக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தை இட்டனர். அன்று கிடைத்தது நூற்றுக்கு 3.8 பங்கே. இப்பொழுது ஆய்வுக்கூடங்களில் திரவமின்றி, 25க்கும் மேலாக அவ்வகைக் கலம் உயர்ந்துவிட்டது. ஆனால் ஈரம் பட்டால் படிகம் சிதைகிறது; சிறந்த கலங்களில் ஈயமும் இருக்கிறது. ஈயம் நஞ்சு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஈரம் புகாமல் மூடுவதும், பழைய கலத்திலிருந்து ஈயத்தை மீட்பதும், ஈயமின்றியே செய்வதும் ஆராய்ச்சியாளர் முன் நிற்கும் பணிகள்.

புதிய கருவி ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எவ்வளவு தரும்? எத்தனை ஆண்டு உழைக்கும்? உழைத்து ஓய்ந்தபின் எங்கே போகும்? முதல் வினாவுக்கு விடை கண்டவுடன் செய்தித்தாள் புகழ்ந்துவிடும். மற்ற இரண்டுக்கும் விடை காண்பவரே ஏழை வீட்டுக் கூரையில் விளக்கேற்றுவர். அவ்விடை காண்போருள் உங்களில் சிலரும் இருத்தல் வேண்டும்.