கணக்கும் கையொப்பமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் கம்பெனிக் கணக்கைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தபோது, இது விழாவிற்கு ஏற்ற பொருள்தானா என்னும் ஐயம் எமக்கு எழுந்தது. ஆயினும் இக்காலனியின் பல வீடுகளில் ஒருவரேனும் ஏதோவொரு நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் பணிபுரிகிறார். அவ்வாறு பணிபுரியாதவர்களின் சேமிப்பும் அத்தகைய நிறுவனங்களையே நம்பியிருக்கிறது. ஆதலின் இது நம் சமையலறை வரை வரக்கூடிய செய்தியே.

அயலூர் சென்று கணக்கெழுதிப் பிழைப்பது தமிழருக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் கடைகளை நடத்திய ஏஜண்டுகள், கடலுக்கு இப்பால் இருந்த முதலாளிக்குக் கணக்கு எழுதி அனுப்பினர். முதலாளி கடையை நாள்தோறும் காணவில்லை. வந்த தாளையே நம்பினார். இன்றைய பெருநிறுவனத்தின் நிலையும் அதுவே. பங்குதாரரோ, கடன் கொடுத்த பாங்கோ, பணம் இட்ட சேமநிதியோ பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. நிதித் தலைவர் கையொப்பமிட்ட தாளையே பார்க்கிறார்கள். அத்தாள் பொய்த்தால் அனைவரின் நம்பிக்கையும் பொய்த்துவிடும்.

2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தை நாடு மறக்கவில்லை. ஐந்தொகையில் ரொக்கமும் பாங்கு இருப்பும் 5,361 கோடி ரூபாய் எனக் காட்டப்பட்டிருக்க, அதில் 5,040 கோடி வெறும் எழுத்தே என்று அவர் அக்கடிதத்தில் தெரிவித்தார். 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்கு 649 கோடி என அறிவித்த செயற்பாட்டு இலாபம் உண்மையில் 61 கோடிதான் என்றும் எழுதினார். முதலில் சிறிதாயிருந்த இடைவெளி ஆண்டுதோறும் வளர்ந்து, மூட முடியாத பள்ளமாயிற்று. 2015-இல் தனி நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அவர்களுள் முன்னாள் நிதித் தலைவரும் தணிக்கையாளர் இருவரும் இருந்தனர். அத்தீர்ப்பை எதிர்த்து அவர்கள் முறையீடும் செய்தனர்.

பொய்க் கணக்கு ஒரு வகைக் கேடு. வரக்கூடிய ஆபத்தை அளந்து பாராமை மற்றொரு வகை. சாலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் பணம் திரட்டிய ஐ.எல்.அண்டு எப்.எஸ். குழுமம் 2018-இல் கடனைத் திருப்ப இயலாமல் தடுமாறியது. அதன் கடன் ஏறத்தாழ 91,000 கோடி ரூபாய். சாலையில் போட்ட பணம் பல்லாண்டுகளில் மெல்ல மெல்லத் திரும்புவது. அதற்காக வாங்கிய கடனிலோ ஒரு பகுதி சில மாதங்களில் கட்ட வேண்டியது. தென்னங்கன்றை நட்டுவிட்டு, அடுத்த மாதமே இளநீர் விற்று வட்டி கட்டுவோம் என்பது போன்றது இது. அவ்வாண்டின் முற்பகுதி வரை அதற்கு மிக உயர்ந்த தரமதிப்பீடே இருந்தது. அதை நம்பிப் பல தொழிலாளர் சேமநிதிகளும் அதன் கடன் பத்திரங்களில் பணம் இட்டிருந்தன. அக்டோபர் 1-ஆம் நாள் அரசு அதன் இயக்குநர் குழுவை மாற்றியமைத்தது.

இத்தகைய அனுபவங்களால் சட்டம் இறுகியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் நிதித் தலைவரை நிறுவனத்தின் முதன்மை அதிகாரிகளுள் ஒருவராக வைத்தது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளில், கணக்கில் பொய்யில்லை என்று நிர்வாகத் தலைவரும் நிதித் தலைவரும் இயக்குநர் குழுவுக்குச் சான்று தரவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கையாளும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் நாளுடன் பதிவு செய்யக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

எனினும் சட்டத்தால் மட்டும் தீராத இடர் ஒன்றுண்டு. இக்காலக் கணக்கில் பாதி மதிப்பீடு. கடன் வாராமற்போன பின் நஷ்டம் எழுதினால் போதாது. வாராமற்போகக் கூடியதை முன்னரே கணித்து ஒதுக்க வேண்டும் என்பது புதிய கணக்கியல் விதி. அக்கணிப்பைச் சற்றே தளர்த்தினால் இலாபம் உயர்ந்து தோன்றும். காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் முடிவை வெளியிட வேண்டும்; சந்தையோ ஒரு தொகையை எதிர்பார்த்துக் காத்திருக்கும். தொகையை முன்னரே முடிவு செய்துகொண்டு அதற்குக் கணக்குத் தேடுமாறு மேலிடம் குறிப்பாகச் சொல்லும் வேளை அதுவே.

அவ்வேளையில் மூன்று வினாக்களைக் கேட்குமாறு இளைஞர்களை வேண்டுகிறோம். ரொக்கம் உண்டென்ற சான்று பாங்கிலிருந்து நேரே வந்ததா, நம் அலுவலகத்தின் கைவழியாக வந்ததா? கடன் கட்ட வேண்டிய நாளும் வரவு வரும் நாளும் பொருந்துகின்றனவா? இம்மதிப்பீடு சென்ற ஆண்டினின்றும் மாறியிருப்பின், அதற்குக் காரணம் எழுத்தில் உண்டா? விடை திருப்தி தராவிடில் மாறுபட்ட கருத்தை எழுதி வையுங்கள். தணிக்கைக் குழுவிடம் கொண்டு செல்லுங்கள். அதற்கான வழியைச் சட்டமே வகுத்திருக்கிறது.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். கையொப்பமிட மறுப்பவனுக்குப் பதவி உயர்வு நழுவலாம், வேலையும் போகலாம். வீட்டுக்கடனும் பள்ளிக் கட்டணமும் கழுத்தை இறுக்கும்போது நேர்மை பேசுவது எளிதன்று. ஆறு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கி வைத்துள்ள குடும்பத்தின் மகனோ மகளோ, ‘இயலாது’ என்று சொல்லும் துணிவுடன் அலுவலகம் செல்வார். ஆடம்பரத்தைச் சிறிது குறைத்து அத்துணிவைப் பிள்ளைகளுக்கு ஈட்டித் தருமாறு உங்களை வேண்டுகிறோம்.