இரைப்பைச் சுருக்கச் சிகிச்சையின் பின் முதற் சில நாட்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் ஒருவனை வைத்தியப் பொருள்பற்றிப் பேச அழைத்தது ஏன் என்று உங்களுட் சிலர் ஐயுறலாம். யான் வைத்தியன் அல்லன். என் தமக்கையார் சென்ற ஆண்டு மதுரையில் உடற்பருமனைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபோது, பதினொரு நாள் உடனிருந்து பேணும் கடமை எனக்கு வாய்த்தது. அந்நாட்களிற் கண்டவற்றையும், மருத்துவர்பாலும் செவிலியர்பாலும் வினவி அறிந்தவற்றையும் கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அருகிருந்து பேணுவோனையும் கூட்டி நான்காக எண்ணினர். அந்த நாலாவது கூற்றில் நின்றே யான் பேசுகின்றேன். அறுவை செய்துகொள்வோர் நம்முள் ஒருசிலரே. அவர்களைச் சூழ இருக்கப்போகின்ற நாமோ பலர். ஆதலின் இப்பேச்சு நோயாளிக்கு உரியதைவிடச் சுற்றத்தார்க்கே மிகுதியும் உரியது.

சிகிச்சை இன்னதென்பதைச் சுருங்கக் கூறுவேன். உடற்பருமன் மிக்கு, அதனோடு நீரிழிவு, இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், முழங்கால் தேய்வு முதலியன சேர்ந்தவர்க்கு இது செய்யப்படுகின்றது. 1954 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மின்னசோட்டாவைச் சேர்ந்த மருத்துவர்கள், உணவு செல்லும் குடல்வழியைக் குறுக்கித் திருப்பும் முறையை வெளியிட்டனர். 1966 இல் அயோவாவில் எட்வர்டு மேசன் என்பார் இரைப்பையையே சிறிதாகப் பிரிக்கும் முறையைத் தொடங்கினர். இக்காலத்துப் பெரும்பாலும் வழங்குவன இரண்டு. இரைப்பையின் நான்கில் மூன்று பங்கு அல்லது அதனினும் சற்று மிகுதியாக நீக்கி, எஞ்சியதை வாழைக்காய் வடிவில் ஒரு குழலாக விடுதல் ஒன்று. இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் முட்டையளவு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேரே இணைத்தல் மற்றொன்று.

நம் பாட்டிமார் அரிசி அளந்த ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லிலிட்டர் கொள்வது. படியும் ஆழாக்கும் ஊர்தோறும் சிறிது வேறுபட்டதுண்டு, அது கிடக்க. குழலாக்கிய இரைப்பை கொள்வது 100 முதல் 150 மில்லிலிட்டர். மற்றை முறையிற் பிரித்த பையோ 30 மில்லிலிட்டரளவே கொள்ளும். நேற்றுவரை உழக்கரிசிச் சோற்றை ஏற்ற வயிறு இன்று ஆழாக்கும் கொள்ளாதாயிற்று என்பதை மனத்திற் கொண்டால், பின்வரும் நோவுகள் பலவற்றின் காரணம் தானே விளங்கும். இதனைச் சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று ஏளனஞ் செய்வாரும் உளர். அவர்கள் ஒரே ஒரு நாள் அந்த வார்டில் இருந்து பார்த்தல் நன்று.

முதல் இரவில் மிக்கு வருத்துவன குமட்டலும் நாவறட்சியும். மயக்க மருந்தும், வெட்டித் தைத்த இரைப்பையின் வீக்கமும் குமட்டலுக்குக் காரணங்கள். அதற்குரிய மருந்தை ஊசியாகவே தருகின்றனர். கேளாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது வீரமன்று. ஓங்கரித்து ஓங்கரித்துத் தையல் நோவதைவிடச் செவிலியரை அழைப்பது மேல். நாவறட்சிக்கு, நீர் அருந்த அனுமதி கிடைக்கும்வரை, நனைத்த துணியால் உதட்டை ஒற்றியும் வாயைக் கொப்பளித்து உமிழ்ந்தும் வந்தோம். நாள்தோறும் மும்முறை காப்பி அருந்தியவர்க்கு அது நின்றதனால் வரும் தலைவலியும் உண்டு. என் தமக்கையார்க்கு அது இரண்டு நாள் இருந்தது.

இனித் தோள்நோவு. இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் எங்களை முதலில் அஞ்சுவித்தது இதுவே. வயிற்றையன்றோ அறுத்தார்கள், தோள் ஏன் நோகின்றது என்று திகைத்தோம். இச்சிகிச்சை வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்வதன்று. நான்கைந்து சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்வது. உள்ளே கருவி இயங்க இடம் வேண்டுமாதலின், கரியமிலவாயுவை நிரப்பி வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல் உயர்த்துகின்றனர். முடிவில் வாயுவை வெளியேற்றினும் சிறிது எஞ்சும். எஞ்சியது, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடியில் தங்கி உறுத்தும். உதரவிதானத்திற்குச் செல்லும் நரம்பு புறப்படுமிடம் கழுத்து. தோளின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் சிலவும் அவ்விடத்தனவே. ஆகவே மூளையானது உதரவிதானத்தின் உறுத்தலைத் தோளின் நோவென்று மயங்குகின்றது. இருபொருள் படும் சொல்லைக் கண்டு மாணாக்கன் மயங்குவது போன்றது இது.

இந்நோவு பெரும்பாலும் சில நாட்களில், வாயுவை உடல் உறிஞ்சி மூச்சின் வழியே போக்கிவிட, தானே தணியும். எழுந்து நடத்தலும், படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துதலும், தோளில் இளஞ்சூட்டு ஒத்தடமும் ஆறுதல் தரும். ஆனால் மார்பை அழுத்துவது போன்ற வலியோ, வியர்வையோ, மூச்சுத் திணறலோ உடன் வந்தால், அது வாயுதான் என்று வீட்டார் தாமே தீர்ப்பளித்தல் கூடாது. அத்தீர்ப்பு மருத்துவர்க்குரியது.

அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே நடக்கச் சொல்லுகின்றனர். இது நம் வழக்கத்திற்கு முற்றும் மாறானது. பச்சை உடம்புக்காரரை எழுப்பலாமா என்று எங்கள் பெரியம்மா செவிலியரிடம் வாதாடினார்கள். ஆனால் அசையாது கிடக்குங்கால் காலின் நாளங்களில் இரத்தம் உறையும். அவ்வுறைகட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிர்க்கே இறுதி. பருமனான உடலினர்க்கு அவ்வச்சம் மிகுதி. இறுக்கமான காலுறையும், இரத்தம் உறையாமைக்குரிய ஊசியும், மணிக்கொருமுறை வராந்தாவில் சிறு நடையும் இதன்பொருட்டே. மூன்று பந்துகள் கொண்ட சிறு கருவியொன்றில் மூச்சை உள்ளிழுத்துப் பந்தை உயர்த்தும் பயிற்சி நுரையீரலின் அடிப்பகுதி விரிவதற்கு. இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினால் துளைப்புண் இழுபடாது.

பத்தமடைப் பாய் விரித்துத் தரையில் துயின்று பழகியவர்கள் நம் வீடுகளிற் பலர். சுகமான பழக்கமே. எனினும் தரையினின்று எழுங்கால் வயிற்றுத் தசை முழுதும் முறுக்குண்ணும். ஆதலின் வீடு திரும்பிய முதல் வாரங்களிற் கட்டிலே தக்கது. எழும்போதும் நேரே நிமிராமல், ஒருபக்கமாகத் திரும்பிக் காலைத் தொங்கவிட்டுக் கையை ஊன்றி எழுதல் வேண்டும்.

வீடு திரும்பும் பயணமும் கருதத்தக்கது. மதுரையிலிருந்து நெல்லைக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். காரில் மூன்று மணிக்கு உட்பட்ட வழி. நாற்கரச் சாலை நன்றாயிருக்கின்றதென்று ஒரே மூச்சில் ஓட்டிவரலாகாது. விருதுநகரிலும் கோவில்பட்டியிலும் வண்டியை நிறுத்தித் தமக்கையாரை இறக்கிச் சிறிது நடக்கச் செய்தோம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிகிச்சை செய்துகொள்வோர் இதனினும் பலமுறை நிறுத்தல் வேண்டும்.

இனிப் பருகுதல். நாள்முழுதும் ஒரு தொழிலாகச் செய்யவேண்டியது இதுவே. மருந்துப் புட்டியோடு வரும் 30 மில்லிலிட்டர்ச் சிறுகுவளையில் நீரை வைத்துக்கொண்டு, வாய் வாயாக, கால்மணி நேரத்தில் ஒரு குவளை என்று பருகினார்கள். மளமளவென்று குடித்தால் நெஞ்சின் நடுவே கல் வைத்தாற்போல் அடைத்து வலிக்கும், வாந்தியும் வரும். உறிஞ்சு குழல் கூடாது, காற்று உட்செல்லும். சோடாவும் ஆகாது. எங்களுக்குத் தந்த சீட்டின்படி முதலில் நீரும் தெளிந்த நீராகாரங்களும், பின்னர் வடித்த மோரும் பருப்பு நீரும் பாலிற் கரைத்த புரதப் பொடியும், அதன் பின்னரே மசித்த உணவும். எத்தனை நாளில் எது என்பது மருத்துவமனைதோறும் வேறுபடும். தம் சீட்டையே பின்பற்றல் வேண்டும். புரதப் பொடி என்றதும் சைவ உணவினராகிய நம் வீடுகளில் ஐயம் எழுவதுண்டு. அதிற் பெரும்பாலானது பாலினின்று எடுப்பதே. பயறு வகையினின்று எடுப்பதும் உண்டு. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமேனும் சேர்வதை இலக்காகக் கொள்ளச் சொல்கின்றனர். முதல் நாட்களில் அது எய்துவது அரிது, அதற்காக அஞ்சவேண்டுவதில்லை. நீர் குறைதலே அவ்வமயம் பெருந்தீங்கு. சிறுநீர் கடுமஞ்சளாகி, எழுந்தால் தலை சுற்றுமாயின் நீர் போதவில்லை என்று அறிக.

நீரிழிவுடையோர்க்கு ஒரு சொல். உணவு திடீரெனக் குறைவதாலும், குடல் இயக்கம் மாறுவதாலும் சர்க்கரை அளவு முதற் சில நாட்களிலேயே இறங்கக்கூடும். பழைய அளவிலேயே இன்சுலினையும் மாத்திரையையும் தருதல் பேரிடர். புதிய அளவை எழுதி வாங்கிக்கொண்டே வீடு திரும்புக. இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதுவே.

மூன்றாம் நாள் இரவு என் தமக்கையார் அழுதார்கள். "தம்பி, நல்லாயிருந்த வயிற்றை நானே வெட்டிக்கொண்டேனே. இனி ஒருவாய் சொதிச்சோறு வாயில் வைப்பேனா?" என்றார்கள். யான் விடை தேடிக்கொண்டிருக்க, இரவுச் செவிலியர் சிரித்து, "மூன்றாம் நாள் இதைக் கேட்காதவர் இங்கே குறைவு, அம்மா" என்றார். வலி, உறக்கமின்மை, பசித்தபோதும் துயருற்றபோதும் மகிழ்ந்தபோதும் துணையாயிருந்த உணவு திடீரென நீங்கியமை, இவை மூன்றும் கூடி மனத்தைச் சோர்விக்கும். இது பெரும்பாலோர்க்கு நாட்செல்லத் தெளிவது. அவ்வமயம், நான் அப்போதே சொன்னேனே என்பவர் அருகில் இருத்தல் ஆகாது. வாரக்கணக்கில் நீடிக்குமாயின் அதனையும் மருத்துவரிடம் கூறவேண்டும்; மனநோவும் நோவே.

இப்போது நம் குறைக்கு வருகின்றேன். ஊட்டுவதே அன்பென்று பழகிய கூட்டம் நாம். நோயாளியைக் காண வெறுங்கையோடு செல்லோம். ஆறாம் நாள் அத்தை ஒருவர் அரைக்கிலோ அல்வாவோடு வந்து, "ஒரு விள்ளல்தானே, தொண்டையில் தானே வழுக்கிக்கொண்டு போய்விடுமே" என்றார்கள். அன்பிற் குறையில்லை. ஆனால் புதிய தையலுள்ள பையில் அந்நெய்யும் சர்க்கரையும் என்ன செய்யும்? குடலோடு நேரே இணைத்த முறையாயின், சர்க்கரை விரைந்து குடலிற் புகுந்து, நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு முறுக்கிக் கழிச்சலாகும். பதநீருக்கும் இளநீர்ப் பாயசத்திற்கும் இதுவே விடை. என் அத்தான் நயமாக ஓர் ஏற்பாடு செய்தார். காண வருவோர் எதனையும் கொண்டுவர வேண்டா. மாலையில் அவர்களோடு தெருவில் கால்மணி நேரம் நடந்தாற் போதும் என்று எல்லார்க்கும் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் எங்கள் தெருவில் அந்நடை ஒரு சிறு ஊர்வலமாயிற்று. அல்வா கொணர்ந்த அத்தையே அதற்குத் தலைமை தாங்கினார்கள்.

இந்த ஏற்பாடு இயன்றது, அறுவையை நாங்கள் மறையாமையால். மறைக்கும் குடும்பங்களே மிகுதி. யான் அறிந்த ஒரு வீட்டில், பெண்ணுக்குக் குடலிறக்க அறுவை என்று சொல்லி வைத்தனர். காண வந்தோர் உண்மை அறியார். பத்தாம் நாள் கூட்டாஞ்சோற்றை வற்புறுத்தி ஊட்டினர். அவள் மறுக்கவும் இயலாமல், காரணம் கூறவும் இயலாமல் உண்டாள். அன்றிரவு தொடங்கிய வாந்தி மூன்று நாள் நிற்கவில்லை. முழங்கால் வலிக்கென்று வெளியில் வாங்கிய மாத்திரையும் அவள் உண்டிருந்தாள்; அறுவையைச் சொல்லாமையால், கொடுத்தவர்க்கு அது தெரியாது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற அவ்வகை மாத்திரைகள் இணைப்பிடத்திற் புண் உண்டாக்குவன. மீண்டும் மருத்துவமனையிற் சேர்த்து, நரம்பின் வழியே நீர் ஏற்றி, ஒருவாறு மீட்டனர். வாந்தி நாட்கணக்கில் நிற்பது வெறும் இளைப்போடு முடிவதன்று. தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து வற்றி, நடை தள்ளாடி, பார்வை இரட்டித்து, அறிவு மயங்கும் நிலையும் வரக்கூடும். மறைத்தற்கு அவர்கள் கூறிய காரணம், கல்யாணப் பேச்சில் இடையூறு வரும் என்பது. அப்பேச்சைப் பேசுவோர் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றோம்.

நோவு எது, ஆபத்து எது என்று பிரித்தறிதற்குச் செவிலியர் எனக்குச் சொல்லித் தந்ததைக் கூறுகின்றேன். நோவு நாளுக்கு நாள் குறையும். குறையாமல் வளருமாயின் ஐயுறுக. அமைதியாகப் படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்திற்கு 120 க்கு மேல் ஓடுதல், 101 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், நீரும் தங்காத வாந்தி, மூச்சுத் திணறல், ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தல், கறுத்த மலம் அல்லது இரத்தம், இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். வெட்டி மூடிய விளிம்பிற் கசிவு உண்டாதல் அரிதே. நூற்றில் ஒருவர் அளவில் நிகழ்வது. ஆயினும் அது வீடு திரும்பிய பின்னரும் நேரக்கூடியது. அறுவை செய்த மருத்துவர்க்கு உடனே தெரிவியுங்கள். அவர் தொலைவில் இருப்பின் 108 வண்டியை அழைத்து, அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நம் பக்கத்தார்க்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில், 1965 இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியின் அரசு மருத்துவமனை இருக்கின்றது. சென்றவுடன் முதற்சொல்லாக, இன்ன நாளில் இன்ன அறுவை என்று கூறி, மருத்துவமனை தந்த சுருக்கக் குறிப்பைக் காட்டுங்கள். அக்குறிப்பைப் பீரோவிற் பூட்டாமல், அலமாரித் தட்டில் யாவரும் அறிய வைத்திருங்கள்.

நம் உறவினராகிய செவிலியர் ஒருவர் இன்று தாய்மார் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். மேடையில் வினவ நாணுவோர் கூட்டம் கலைந்தபின் அவர்களிடம் தனியே வினவலாம். இருட்டும்வரை இருப்பதாக இசைந்திருக்கின்றார்கள்.