அடையாளம் போட்ட லூசின்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாட்டில் பாயசத்தைத் தொடாதவர்கள் யார் யார் என்று பார்த்துக்கொண்டேன்! சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு டாக்டர் 'சி-பெப்டைட்' டெஸ்ட் எழுதிக் கொடுப்பார். அந்த ரத்தப் பரிசோதனை எங்கிருந்து வந்தது தெரியுமா? கதிரியக்க அமினோ அமிலத்திலிருந்து!

கதிரியக்கம் என்றதும் கல்பாக்கம் நினைவு வந்து பயப்பட வேண்டாம். ட்ரிட்டியம் என்பது ஹைட்ரஜனில் ஒரு கனமான வகை. அதன் கதிர் ஒரு தாளைக்கூடத் தாண்டாது. லூசின் என்ற அமினோ அமிலத்தில் அதை வைத்துக் கொடுத்தால், செல் வித்தியாசம் பார்க்காமல் புரதத்தில் சேர்த்துவிடும். கருவி மட்டும் கண்டுபிடித்துவிடும்.

கடற்கரை ஸ்டேஷனில் 3 நிமிஷம் ஏறுகிறவர்களுக்கு மட்டும் கையில் சிவப்பு நூல் கட்டுங்கள். பிறகு மாம்பலம், கிண்டி, தாம்பரம் என்று நின்று பார்த்தால், அந்தக் கூட்டம் எப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோகும். ஜேமிசனும் பலாடேயும் 1967-ல் கினிப் பன்றியின் கணையத்தில் இதைத்தான் செய்தார்கள். 3 நிமிஷம் கதிரியக்க லூசின், பிறகு சாதா லூசின். புரதம் செல்லுக்குள் போகும் பாதை முழுக்கத் தெரிந்துவிட்டது.

இன்சுலினில் இரண்டு சங்கிலிகள்: ஒன்றில் 21 அமினோ அமிலம், மற்றதில் 30. இரண்டும் தனித்தனியே உருவாகிச் சேர்கின்றன என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். சிகாகோவில் டொனால்டு ஸ்டைனர், இன்சுலின் சுரக்கும் ஒரு கணையக் கட்டியின் துண்டுக்குக் கதிரியக்க அமினோ அமிலம் கொடுத்தார். அடையாளம் முதலில் தெரிந்தது இன்சுலினில் அல்ல, அதைவிடப் பெரிய ஒரு புரதத்தில்! 1967-ல் வெளியான இந்த ஆராய்ச்சியால், ஒரே நீளச் சங்கிலிதான் முதலில் உருவாகிறது, அப்புறம் நடுப்பகுதி வெட்டப்படுகிறது என்பது புரிந்தது. வெட்டிய அந்த 31 அமினோ அமிலத் துண்டுதான் சி-பெப்டைட்.

இன்சுலினும் அதுவும் சரிசமமாக ரத்தத்துக்கு வருகின்றன. ஊசி மருந்தில் இந்தத் துண்டு கிடையாது. ஆகவே ஊசி போட்டுக்கொள்கிறவரின் கணையம் சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்பதை இதை அளந்து சொல்லலாம். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லையென்றால், அவருக்கு ஊசிதான் உயிர், நிறுத்தவே கூடாது.

தம்பி தங்கைகளே, செல் வேண்டாமென்று வெட்டிய துண்டு இன்று நோயாளியைக் காப்பாற்றுகிறது. லேபில் எதிர்பாராத இடத்தில் அடையாளம் தெரிந்தால், தப்பு என்று தள்ளிவிடாதீங்க. அது என்னவென்று பாருங்க.